ஒரே மாத்திரை... ஒருத்தருக்கு மருந்து, இன்னொருத்தருக்கு எமன்!

மெடிக்கல் ஷாப்பில் "சீட்டு எங்கே?" என்று கேட்பது ஏன்?

வேலூர், ஆம்பூர் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள்

வேலூர்,

இரவு 9 மணி. பஜார் தெரு. மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறைந்து, ஷட்டரை இழுக்கும் நேரம். மோட்டார் சைக்கிளில் இரண்டு வாலிபர்கள் வந்து இறங்குகிறார்கள். ஒருவன் வண்டியிலேயே உட்கார்ந்து கொள்கிறான். இன்னொருவன் கல்லா பக்கம் வந்து குரலைத் தாழ்த்துகிறான்.

"பாய், அந்த வலி மாத்திரை ஒரு அட்டை குடுங்க."

"சீட்டு இருக்கா தம்பி?"

"வீட்ல இருக்கு பாய். நாளைக்கு எடுத்தாறேன். டபுள் ரேட்டு தர்றேன், குடுங்க."

அதே கடை. மறுநாள் காலை 10 மணி. 60 வயது தாண்டிய ஓர் அம்மா. கையில் கசங்கிய பிளாஸ்டிக் பை. பைக்குள் ஆஸ்பத்திரி காகிதங்கள்.

"தம்பி, எங்க வீட்டுக்காரருக்குப்பா. வாயில புத்துநோய். ராத்திரி பூரா தூங்காம கத்துறாரு. ஏதாச்சும் பெரிய வலி மாத்திரையா குடுப்பா."

"அந்த மாத்திரை எல்லாம் எங்க கிட்ட கிடையாதும்மா. ஆஸ்பத்திரிக்கே போங்க."

இந்த இரண்டு காட்சிகளையும் பார்க்காத மருந்துக்கடைக்காரர் நம்ம ஊரில் இருக்க மாட்டார். வாலிபனுக்குக் கொடுத்தால் குற்றம். அந்த அம்மாவுக்கு வழி சொல்லாமல் அனுப்பினால் பாவம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு துண்டுக் காகிதம். அதுதான் டாக்டர் சீட்டு.

அந்தச் சீட்டில் என்ன இருக்க வேண்டும்? எந்த மாத்திரைக்கு எந்தச் சட்டம்? கடைக்காரர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? வலியில் துடிப்பவருக்கு வழி என்ன? விவரம் வருமாறு:-

உடம்பு வலி ஊர்

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இந்த வரிசை முழுக்க தோல் தொழில்தான். 2019-ம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. மாவட்டம் பிரிந்தாலும் தொழில் பிரியவில்லை. காலையில் சங்கு ஊதினால் ஊரே வேலைக்குப் போகிறது.

தோல் ஷாப்பு வேலை லேசுப்பட்ட வேலை இல்லை. தண்ணீரில் ஊறிய ஈரத்தோலைத் தூக்க வேண்டும். சுண்ணாம்பில் போட்டு எடுக்க வேண்டும். டிரம்மில் ஏற்றி இறக்க வேண்டும். இடுப்பு போகும், தோள்பட்டை போகும். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களின் கதை வேறு. காலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் கழுத்து நிமிராது. வீட்டுக்கு வந்தால் அடுப்பு வேலை காத்திருக்கும்.

சம்பளம் பிடித்தம் ஆகும் என்று லீவு போட முடியாது. டாக்டரிடம் போனால் பீஸ் உண்டு, காத்திருக்க வேண்டும். ஆகவே நேராக மெடிக்கல் ஷாப். "அண்ணே, உடம்பு வலிக்கு ரெண்டு செட் மாத்திரை கட்டிக் குடுங்க." அட்டையில் இருந்து கத்தரித்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். என்ன மாத்திரை என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. கத்தரித்த துண்டில் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது.

இங்கேதான் ஆபத்து ஆரம்பம். சாதாரண பாரசிட்டமாலில் தொடங்குகிறவர் வலி கேட்கவில்லை என்று பெரிய மாத்திரைக்குப் போகிறார். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையும் சேர்கிறது. அதோடு ஒரு குவார்ட்டரும் சேர்ந்தால்? தூக்க மாத்திரை, பெரிய வலி மாத்திரை, சாராயம் மூன்றுமே மூச்சை மந்தமாக்குகிறவை. ஒன்றாகச் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்று போகலாம். காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார்.

நான்கு பூட்டு

மருந்துக்கடையில் இருக்கும் எல்லா மாத்திரையும் ஒன்று இல்லை. சட்டம் அவற்றைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டம் வந்தது 1940-ல். அதன் விதிகள் வந்தது 1945-ல். அந்த விதிகளில்தான் இந்தப் பட்டியல்கள் உள்ளன.

முதல் பூட்டு 'எச்' பட்டியல். இதில் இருக்கும் மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அட்டையில் 'ஆர்.எக்ஸ்.' என்ற குறி இருக்கும்.

இரண்டாவது பூட்டு 'எச்-1' பட்டியல். 2013-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மத்திய அரசு அறிவித்தது. 2014 மார்ச் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. அப்போது 46 மருந்துகள் இதில் இருந்தன. அல்பிரசோலாம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள், டிராமடால், பென்டசோசின், கோடீன் போன்ற வலி, இருமல் மருந்துகள், வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள் எல்லாம் இதில் வரும். அட்டையில் 'ஆர்.எக்ஸ்.' குறி சிவப்பாக இருக்கும். சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கையும் அச்சடித்திருப்பார்கள்.

இதற்குக் கடையில் தனி ரிஜிஸ்தர் போட வேண்டும். எழுதிய டாக்டர் பெயர், விலாசம், நோயாளி பெயர், மருந்தின் பெயர், எத்தனை கொடுத்தோம் என்ற எண்ணிக்கை அத்தனையும் அதில் ஏற வேண்டும். அந்த ரிஜிஸ்தரை 3 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் எப்போது வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும்.

மூன்றாவது பூட்டு 'எக்ஸ்' பட்டியல். ஆம்பெட்டமின், சில பழைய தூக்க மருந்துகள், கீட்டமின் ஆகியவை இந்த வகை. இதை விற்க தனி லைசென்சு வேண்டும். சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி 2 வருடம் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்தைப் பூட்டு சாவிக்குள் வைக்க வேண்டும். அட்டையில் 'எக்ஸ்.ஆர்.எக்ஸ்.' என்று சிவப்பில் இருக்கும்.

நான்காவது பூட்டுதான் எல்லாவற்றிலும் பெரியது. 1985-ம் ஆண்டு நவம்பரில் அமலுக்கு வந்த போதைப்பொருள் தடுப்பு சட்டம். மார்பின், பென்டனில் போன்றவை இதில் வரும். டயசிபாம், அல்பிரசோலாம் போன்ற மாத்திரைகளும் வரும். 'எச்' பட்டியலில் இருந்துகொண்டு இந்தச் சட்டத்திலும் வரும் மருந்தின் அட்டையில் 'என்.ஆர்.எக்ஸ்.' என்று சிவப்பில் போட்டிருக்கும்.

இந்தச் சட்டத்தில் சிக்கினால் விளையாட்டு இல்லை. சிறிய அளவு என்றால் ஒரு வருடம் வரை ஜெயில். வியாபார அளவு என்றால் 10 வருடத்தில் இருந்து 20 வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜாமீன் கிடைப்பதும் கஷ்டம்.

"மாத்திரைதானே விற்றேன், கஞ்சாவா விற்றேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதம் எடுபடாது. டாக்டர் சீட்டோடு, சட்டப்படி விற்றால் மருந்து. சீட்டில்லாமல் கைமாறினால் அதே மாத்திரை போதைப்பொருள் கேஸ். மனமயக்கப் பொருள்கள் விஷயத்தில் இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் பாயும் என்ற குழப்பம் கோர்ட்டுகளில் இருந்தது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் பெஞ்சு அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தது. மருத்துவக் காரணம் காட்ட முடியாத, விதிகளை மீறிய வியாபாரம் குற்றமே என்பது உறுதியானது.

எது சீட்டு?

சிகரெட் அட்டையில் மாத்திரை பெயரை எழுதி வந்து நீட்டினால் அது சீட்டு ஆகாது. செல்போனில் யாரோ அனுப்பிய அட்டைப் படமும் சீட்டு ஆகாது. விதி என்ன சொல்கிறது?

டாக்டர் தன் கைப்பட கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தேதி இருக்க வேண்டும். நோயாளியின் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும். மொத்தம் எத்தனை மாத்திரை, ஒரு வேளைக்கு எத்தனை என்பது இருக்க வேண்டும். எழுதியவர் இந்தியாவில் முறைப்படி பதிவு பெற்ற டாக்டராக இருக்க வேண்டும்.

கடைசி விஷயம் நம்ம பக்கத்துக்கு ரொம்ப முக்கியம். வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் போலி டாக்டர்கள் பிடிபடுவது அடிக்கடி வரும் செய்தி. ஒரு ஸ்டெதாஸ்கோப், ஒரு மேஜை, ஒரு ஊசி. போர்டு மாட்டி விடுகிறார்கள். அவர்கள் எழுதிக் கொடுப்பது வெறும் காகிதம். அதை வைத்து மாத்திரை கொடுத்தால் கடைக்காரரும் மாட்டிக்கொள்வார்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. திரும்பத் திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டரே எழுதியிருந்தால்தான் மறுபடி கொடுக்கலாம். மருந்து கொடுத்ததும் கடைக்காரர் தன் கடைப் பெயர், விலாசம், தேதி ஆகியவற்றைச் சீட்டிலேயே குறிக்க வேண்டும். இது எதற்கு? ஒரே சீட்டைக் காட்டி காந்தி ரோட்டில் ஒரு கடை, காட்பாடியில் ஒரு கடை, குடியாத்தத்தில் ஒரு கடை என்று அட்டை அட்டையாக வாங்கிச் சேர்ப்பதைத் தடுக்கத்தான். இந்த முத்திரையை ஒழுங்காகப் போடும் கடைகளை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

டாக்டர் எழுதிய மருந்துக்குப் பதில் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வேறு மருந்தை மாற்றிக் கொடுக்கவும் கூடாது.

போனிலும் வீடியோவிலும் டாக்டரைப் பார்க்கும் முறைக்கு 2020 மார்ச்சில் மத்திய அரசு விதி வகுத்தது. அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. 'எக்ஸ்' பட்டியல் மருந்துகளையும், போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளையும் அந்த முறையில் எழுதக் கூடாது. இதற்கு நேரில்தான் போக வேண்டும்.

கல்லாவில் யார்?

1948-ம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுனராக இருக்க வேண்டும். அல்லது அவர் நேரில் இருந்து மேற்பார்வை பார்க்க வேண்டும். சுவரில் சர்டிபிகேட் தொங்குகிறது. சர்டிபிகேட்டில் உள்ள ஆள் எங்கே? சில இடங்களில் சர்டிபிகேட்டுக்கு மாத வாடகை. ஆள் வேறு ஊரில் வேறு வேலை. கல்லாவில் நிற்பது பத்தாவது படித்த பையன். அவனுக்கு மாத்திரையின் நிறம் தெரியும், விலை தெரியும். குணம் தெரியாது.

இதைப் பார்க்கத்தான் மருந்து ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். மொத்த வியாபாரி போட்ட பில்லையும், கடையில் இருக்கும் இருப்பையும், ரிஜிஸ்தரையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். 500 அட்டை வாங்கியிருக்கிறார், 40 அட்டைக்குத்தான் ரிஜிஸ்தரில் கணக்கு என்றால் மீதி 460 எங்கே? பதில் சொல்ல முடியாவிட்டால் லைசென்சை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். கோர்ட்டில் கேசும் போடலாம். தமிழகத்தின் பல மாவட்டங்களில், இந்தப் பட்டியல் மருந்துகளை விற்கும் கடைகளில் கேமரா வைக்க வேண்டும் என்று கலெக்டர்கள் உத்தரவு போட்டதும் இதற்காகத்தான்.

நேர்மையான கடைக்காரர் பாடும் திண்டாட்டம்தான். "இல்லை" என்று சொன்னால் சண்டை. கண்ணாடியை உடைப்பேன் என்று மிரட்டல். மாத்திரை தராத கடைக்காரர்கள் தாக்கப்பட்ட சம்பவங்கள் தமிழகத்தில் நடந்திருக்கின்றன. ராத்திரி நேரத்தில் தனியாக நிற்கும் ஒருவர் எத்தனை பேரிடம் மல்லுக்கு நிற்க முடியும்? "தொல்லை விட்டால் போதும்" என்று ஓர் அட்டையை நீட்டினால் அன்றோடு முடியாது. மறுநாள் நான்கு பேர் வருவார்கள்.

தாவும் வாலிபர்கள்

ஒரு மருந்தைப் பூட்டினால் இன்னொன்றுக்குத் தாவுவது போதைக் கும்பலின் வழக்கம். டிராமடால் மாத்திரை நாடு முழுவதும் தவறாகப் பயன்படுத்தப்பட்டது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. அதன் தம்பி மாதிரியான டேப்பென்டடால் அப்போது அந்தப் பட்டியலில் சேரவில்லை. அவ்வளவுதான். கும்பலின் கண் அதன் மேல் விழுந்தது. சென்னை தொடங்கிப் பல ஊர்களில் போலீசார் பிடித்த மாத்திரைகளில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. வெளிமாநிலங்களில் இருந்து கூரியர் பார்சலில் வரவழைத்து விற்றவர்களும் சிக்கினார்கள்.

கடல் கடந்தும் இதே கதைதான். டேப்பென்டடாலையும் கரிசோபுரோடால் என்ற தசை தளர்த்தும் மருந்தையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரைகள் மும்பை கம்பெனி ஒன்றில் இருந்து மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போவதை 2025 பிப்ரவரியில் பி.பி.சி. வெளிச்சம் போட்டுக் காட்டியது. கானா, நைஜீரியா நாட்டு வாலிபர்கள் அதற்கு அடிமையாகிக் கிடந்தார்கள். உடனே மத்திய அரசு அந்தக் கலவையின் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது.

வயிற்றுக்குள் போக வேண்டிய மாத்திரையைச் சிலர் ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். இது தற்கொலைக்குச் சமம். மாத்திரை கெட்டியாக நிற்பதற்காக அதில் மாவு, டால்க் போன்ற பொருள்கள் சேர்த்திருப்பார்கள். ரத்தத்தில் அது கரையாது. நரம்பை அடைக்கும். நுரையீரலில் போய்த் தங்கும். கை வீங்கிச் சீழ் வைக்கும். சிலருக்குக் கையையே எடுக்க வேண்டி வரும். ஒரே ஊசியை நான்கு பேர் போட்டால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலையும் கூடவே வரும். அளவு கொஞ்சம் தப்பினால் மூச்சு நிற்கும். பக்கத்தில் இருக்கும் கூட்டாளிகள் போலீசுக்குப் பயந்து ஓடிவிடுவார்கள்.

மறுபக்கம்

இதுவரை சொன்னது பூட்டின் கதை. இனி சொல்வது சாவியின் கதை. காலையில் வந்த அந்த அம்மாவை மறந்துவிடக் கூடாது.

புற்றுநோய் முற்றிய நிலையில் வரும் வலிக்குச் சாதாரண மாத்திரை கேட்காது. மார்பின் வேண்டும். 1986-லேயே உலக சுகாதார நிறுவனம் படிப்படியாக வலியைக் குறைக்கும் முறையை வகுத்து, பெரிய வலிக்கு மார்பினை வாயால் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. விலையும் அதிகம் இல்லை. டாக்டர் மேற்பார்வையில், வலிக்கு ஏற்ற அளவில் சாப்பிடும் நோயாளி அதற்கு அடிமை ஆவது அபூர்வம் என்கிறது மருத்துவம்.

மார்பின் அபினில் இருந்து வருகிறது. அபின் எங்கே விளைகிறது? நம்ம நாட்டில்தான். மத்தியபிரதேசம், ராஜஸ்தான், உத்தரபிரதேசம் மாநிலங்களில் அரசாங்க லைசென்சோடு விவசாயிகள் கசகசாச் செடி பயிரிடுகிறார்கள். காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு அபின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்பும் நாடு நம்முடையது. ஆனால் நம்ம நோயாளிக்குக் கிடைக்கவில்லை!

ஏன்? 1985-ல் சட்டம் வந்ததும் எல்லாரும் பயந்துவிட்டார்கள். கணக்கில் சின்னத் தவறு வந்தாலும் 10 வருடம் ஜெயில் என்ற பயம். ஆஸ்பத்திரிகள் மார்பின் வாங்குவதையே நிறுத்தின. கடைகள் கையைக் கழுவின. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. ஒரு புட்டி மருந்துக்கு நான்கைந்து லைசென்சு. ஒரு லைசென்சு வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகிவிடும். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான கிலோ மார்பின் செலவான இந்தியாவில் 1997-ல் அது சுமார் 18 கிலோவாகக் குறைந்தது. இத்தனை கோடி மக்களுக்கு 18 கிலோ! போதைக் கும்பலைப் பிடிக்கப் போட்ட வலையில் புற்றுநோயாளி சிக்கினார்.

கேரளாவில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் இதற்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2014-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்பின், பென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய 6 மருந்துகள் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று 2015 மே மாதம் அறிவிக்கப்பட்டன. மாநிலத்துக்கு மாநிலம் இருந்த விதி போய், நாடு முழுவதும் ஒரே விதி. நான்கைந்து லைசென்சு போய், மாநில மருந்து கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம். அந்த அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகள், பயிற்சி பெற்ற டாக்டரின் சீட்டுப்படி மார்பின் கொடுக்கலாம்.

ஆக, மெடிக்கல் ஷாப்காரர் "எங்க கிட்ட கிடையாது" என்று சொன்னது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. "எங்க கிட்ட கிடையாது. வலி நிவாரண சிகிச்சைப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கம்மா. அங்கே சட்டப்படியே கிடைக்கும்" என்பதுதான் முழு உண்மை. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் ஒரு வீட்டில் அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவு உண்டு. அரசு ஆஸ்பத்திரியிலும் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தரும் பணியும் சேர்ந்தது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

ரெயிலில் போகும்போது

சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்காளம், ஜார்கண்டு, அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். தோட்டப்பாளையம் பக்கம் போனால் லாட்ஜுகளில் பெங்காலி போர்டு தொங்கும். அவர்கள் மாதக்கணக்கான மாத்திரைகளை வாங்கிக்கொண்டு காட்பாடியில் ரெயில் ஏறுகிறார்கள்.

மனமயக்கப் பொருள் வகையில் வரும் மாத்திரையைச் சொந்த வைத்தியத்துக்காக ஒருவர் ஒரு நேரத்தில் 100 எண்ணிக்கை வரை வைத்திருக்கலாம். நீண்ட நாள் வைத்தியம் என்று டாக்டர் குறிப்பாக எழுதியிருந்தால் 300 வரை வைத்திருக்கலாம். எவ்வளவு இருந்தாலும் சீட்டும் பில்லும் மாத்திரையோடு இருக்கட்டும். மாத்திரையை அட்டையில் இருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். சோதனையில் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

அம்மாக்களுக்கு

பையன் தூங்கி வழிகிறான். முழுக்கைச் சட்டையை வெயில் காலத்திலும் கழற்ற மாட்டேன் என்கிறான். பீரோவில் இருந்த பணம் காணவில்லை. பாக்கெட்டில் காலி அட்டையும் ஊசியும் கிடைக்கிறது. பெற்றவளுக்குப் புரிந்துவிடும். ஆனால் வெளியே சொல்ல மாட்டாள். "போலீசு பிடிச்சிக்கிட்டுப் போயிடுமே, நாளைக்கு யார் பொண்ணு குடுப்பா?" என்ற பயம்.

பயப்பட வேண்டாம். போதைப்பொருள் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. சொந்த உபயோகம் அல்லது சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்தில் சிக்கிய ஒரு அடிமை, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் போதை மறுவாழ்வு சிகிச்சை எடுத்துக்கொண்டால், அவர் மீது வழக்கு நடத்தாமல் பாதுகாப்புத் தருகிறது 64-ஏ பிரிவு. ஆனால் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. போதையில் இருந்து மீள வழி கேட்க 14446 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்யலாம். மாத்திரை, கஞ்சா விற்பவர்களைப் பற்றித் தகவல் கொடுக்க 10581 என்ற எண் இருக்கிறது.

கோபப்படாதீர்கள்

கடைசியாக ஒரு வார்த்தை. மெடிக்கல் ஷாப்பில் "சீட்டு எங்கே?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். "பக்கத்துக் கடையில கேட்காமத் தர்றான்" என்று சொல்லி அந்தப் பக்கம் போகாதீர்கள். கேட்காமல் தரும் கடைதான் ராத்திரி 9 மணிக்கு உங்கள் வீட்டுப் பையனுக்கும் கேட்காமல் தரப்போகிறது.

பில் கேட்டு வாங்குங்கள். அட்டையைத் திருப்பி சிவப்புக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சமான மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்யாதீர்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரிஜிஸ்தரை ஆய்வாளர் வரும் அன்றைக்கு உட்கார்ந்து எழுதாமல், மருந்து கொடுக்கும் அன்றைக்கே எழுதுங்கள். வாலிபனுக்கு "இல்லை" என்று சொல்லுங்கள். வலியோடு வரும் அம்மாவுக்கு "இங்கே இல்லை, இன்ன இடத்தில் கிடைக்கும்" என்று சொல்லுங்கள்.

சட்டம் கேட்பது இந்த இரண்டையும்தான்.